கிளிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தான் இருப்பதை நினைவுபடுத்துகிறது. உன்னைப் பற்றி போனில் கேட்டால் பதில் வருவதில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதிய கை. எழுத்து இன்னும் கோணவில்லை, பார்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "ஆமாக்கா", "சரிக்கா" இரண்டுதான். "என்னடா சாப்பிட்ட?" என்றால் அதற்கும் "ஆமாக்கா". இருபத்தெட்டு வருடம் நடத்திய ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டு, எங்கேயோ ஓர் உதிரிபாகக் கிடங்கில் போய் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். ஏன் என்று கேட்டால் "சரிக்கா".

போன மாதம் உன்னிடம் ஒன்று கேட்டேன். நினைவிருக்கிறதா? "டேய், அன்னைக்கு நான் ஒழுங்கா ஓட்டியிருந்தா உன் அத்தான் பிழைச்சிருப்பாரா? என்னாலதானா?" என்று கேட்டேன். நீ "ஆமாக்கா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பிறகு, அவன் எதற்கும் அதைத்தானே சொல்கிறான், கவனிக்காமல் சொல்லியிருப்பான் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். கவனிக்காமல் படிக்க முடியாதல்லவா? அதனால் இப்போது எழுதிக் கேட்கிறேன்.

அன்று நடந்ததை உனக்கு வரிசையாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மே 9, மாலை நாலு மணி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த உன் அத்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு, பயப்படாத" என்றார். அவர் பயப்படாதே என்றால் நான் பயப்பட வேண்டிய நேரம் அது. ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்றார்கள். மருத்துவமனை பத்து நிமிஷ வழி. நானே வண்டியை எடுத்தேன். கடைவீதி தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனது. மேட்டுச் சாலையில் ஏறத் தொடங்கியதும் வண்டிக்குத் தெம்பே இல்லை. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், முள் முப்பதைத் தாண்டவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. ஒருவன் தலையை வெளியே நீட்டி, "ஓட்டத் தெரியலன்னா வீட்டுல இரும்மா!" என்று கத்தினான். உன் அத்தான் சீட்டில் சாய்ந்தபடி, "அவசரப்படாத, அது போற மாதிரி போகட்டும்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. பத்து நிமிஷ வழிக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். எல்லோரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

மறுநாள் ஊரிலிருந்து வந்த என் மகள், மருத்துவமனையில் நின்ற வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். "வண்டி நல்லா இழுக்குதேம்மா" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. போன மாதம் நம் தெருமுனைப் பட்டறைக்காரர் வந்து புது பேட்டரி போட்டு, கம்ப்யூட்டரையும் மாட்டிப் பார்த்தார். பேட்டரி செத்திருந்ததால் பழைய பதிவு எதுவும் இல்லையாம். "கோளாறு ஒண்ணும் காட்டல டீச்சர். நீங்க கியரைக் குறைக்காம மிதிச்சிருப்பீங்க. பதற்றத்துல எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். நானும் பத்து நாளாகத் தினமும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து பக்கத்தில் நின்று கேட்கிறேன். ஏதேதோ சத்தம் வருகிறது. எது நோய், எது குணம் என்று தெரியவில்லை.

வண்டியா, நானா? ஆறுதல் எழுதாதே, விடை எழுது. நான்தான் என்றால் நான்தான். தெரிந்துகொண்டாவது இருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிடங்கில் லாரி வருவதற்குள் மூன்று முறை படித்தேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். கற்றுக்கொடுத்தது நீதான், அதனால் பாதிப் பழி உனக்கு.

போனில் நான் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே நாள் முழுக்க இரைச்சல். நீ கேட்டது காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அப்படிச் சொல்வேனா? உன்னால் இல்லை அக்கா. சத்தியமாக உன்னால் இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

நான் சொல்வதைக் கேள். வண்டியை விற்றுவிடு. பத்து வருட வண்டி, வீட்டு வாசலில் நின்று உன்னைத் தினமும் அழவைக்கிறது. எனக்குத் தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறார், வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். நீ கிட்டேகூடப் போக வேண்டாம்.

என்ன சத்தம் என்று கேட்கிறாய். டீசல் எஞ்சின் நூறு விதமாகக் கத்தும் அக்கா. நேரில் நின்று கேட்டால்தான் சொல்ல முடியும். சத்தத்தைக் காகிதத்தில் எழுத முடியுமா? எனக்கு இப்போது லீவும் கிடைக்காது.

மூட்டுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு. கீழ்வீட்டு நர்ஸம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

•

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

சத்தத்தைக் காகிதத்தில் எழுத முடியுமா என்று என்னிடமா கேட்கிறாய்? கடலையே பார்க்காத பிள்ளைக்கும் ஒலி அலை நடத்தியவள் நான். எழுதிக் காட்டுகிறேன், நீ திருத்து.

துணைக்குக் கீழ்வீட்டு நர்ஸம்மாவைச் சேர்த்துக்கொண்டேன். அவர் ஓய்வுபெற்று நாலு வருடமாகிறது, யாருக்காவது ஏதாவது செய்யாவிட்டால் கை நடுங்குமாம். ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, "நான் சொல்லும்போது மட்டும் மிதிங்க" என்றேன். முதல் மிதியிலேயே எஞ்சின் அலறியது. எதிர்வீட்டு ஜன்னல் மூன்று ஒரே நேரத்தில் திறந்தன. "நரம்பு ஊசி மாதிரி மெதுவாப் போடணும்மா" என்றேன். "அப்படித் தமிழ்ல சொல்லுங்க டீச்சர்" என்றார்.

காலையில் குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் ஒரு கடகட சத்தம். தகரப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து பலப்பத்தைப் போட்டுக் குலுக்கினால் வருவது போல. ஐந்து நிமிஷத்தில் குறைந்துவிடுகிறது. இன்னொன்று, ஒரே தாளத்தில் டிக் டிக் என்று, பழைய தையல் மிஷின் போல. இது எப்போதும் இருக்கிறது. மூன்றாவதுதான் முக்கியம். வண்டி சும்மா நிற்கும்போது அது இல்லை. மிதித்தால் வருகிறது. முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடிக்கப் பார்த்து, காற்று மட்டும் வருமே, அது. உய்ய்ஸ்ஸ் என்று. மிதியை விட்டதும் நின்றுவிடுகிறது.

எழுதிவிட்டேனா?

அதோடு நிற்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, நர்ஸம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினேன். பத்து மாதத்தில் முதல்முறை. நேராக அதே மேட்டுச் சாலைக்குத்தான் போனேன். இரண்டாவது வளைவில், தம்பி, அன்று போலவே நடந்தது. அந்தச் சீழ்க்கை பெரிதாகக் கேட்டது, பிறகு யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி ஆகிவிட்டது. கியரைக் குறைத்தேன். சத்தியமாகக் குறைத்தேன். நர்ஸம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுக்கிறது! என் மகள் மறுநாள் எடுத்தபோது நன்றாக ஓடியது ஏன் என்று அப்போதுதான் பாதி புரிந்தது. அங்கேயே ஸ்டியரிங்கில் தலைசாய்த்து அழுதேன். நர்ஸம்மா முதுகைத் தட்டி, "அழுங்க. ஆனா இப்ப நான் சாட்சி டீச்சர். உங்க கை கால்ல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

இன்னொன்றும் தோன்றுகிறது. உன் அத்தான் சொன்ன சத்தம் இதுதானோ? போன வருடம் மார்ச்சில் நீ வந்திருந்தபோது, "ஏறும்போது உய்யின்னு ஏதோ கேக்குதுடா" என்று உன்னை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினாரே. நீ நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "வண்டியில ஒண்ணுமில்ல அத்தான், கோளாறு உங்க காதுலதான்" என்றாய். எல்லோரும் சிரித்தோம். உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரமே காது டாக்டரிடம் போய்ச் சோதனை செய்துகொண்டு வந்தார்! "இருபது வயசுக்காரன் காதாம் எனக்கு" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப அந்தச் சத்தம்?" என்றேன். தூக்கிய காலரை இறக்கிவிட்டுக்கொண்டு, "விடு" என்றார். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியுமே.

இப்போது நீ சொல். இது என்ன கோளாறு? எங்கே பார்க்க வேண்டும்?

உன் அக்கா

•

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு தெளிவாக எந்தக் கஸ்டமரும் என்னிடம் சொன்னதில்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு "ஒரு மாதிரி இருக்கு, பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.

கடகட சத்தம் ஒன்றுமில்லை, குளிரில் எல்லா டீசலும் அப்படித்தான். தையல் மிஷினும் பழசாகிவிட்ட அடையாளம், ஆபத்தில்லை. மூன்றாவது, நீ நினைத்தது சரி.

உனக்குப் பிடித்த மாதிரி உதாரணத்தோடு சொல்கிறேன். அடுப்பை ஊதி எரிய வைக்கிறோமே, அதுதான் டர்போ. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் காற்றாடி. காற்று நிறையப் போனால்தான் எண்ணெய் நன்றாக எரியும், மேட்டில் இழுவை கிடைக்கும். அந்தக் காற்று ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குப் போகிறது. ஹோஸில் ஒரு கிழிசல் விழுந்தால், வண்டி சும்மா நிற்கும்போது அது உதடு மாதிரி மூடிக்கொண்டிருக்கும். யார் பார்த்தாலும் தெரியாது. மிதித்து, உள்ளே அழுத்தம் ஏறியதும் வாய் திறந்துவிடும். காற்று வெளியே போகும் சத்தம்தான் உன் பல் விழுந்த பிள்ளையின் சீழ்க்கை. காற்றில்லாமல் எண்ணெய் அரைகுறையாக எரிவதால் கரும்புகை. வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர், கணக்கு சரியில்லை என்று பயந்து எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். அணைத்துப் போட்டால் அது மறந்துவிடும், மறுபடி இழுக்கும்.

அன்று நீ எந்த கியரில் ஓட்டியிருந்தாலும், எந்த ஓட்டுநர் ஓட்டியிருந்தாலும் முப்பதைத் தாண்டியிருக்காது. இது ஆறுதல் இல்லை. விடை.

பானெட்டைத் திற. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து எஞ்சினுக்கு வரும் கை மணிக்கட்டுப் பருமனான கறுப்பு ஹோஸைக் கண்டுபிடி. அது எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு இரும்பு கிளிப் இருக்கும். அந்தக் கிளிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, அடிப்பக்கம். மேலிருந்து தெரியாது, கைக்கண்ணாடியும் டார்ச்சும் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். ஹோஸை அழுத்தினால் வாய் திறக்கும். கிடைத்ததும் தெருமுனைக்காரரிடம் காட்டி மாற்றச் சொல். சின்ன வேலைதான்.

ஒன்று கேட்க வேண்டும். அத்தான் காது டாக்டரிடம் போய் வந்த பிறகு வண்டியை வேறு யாரிடமாவது காட்டினாரா? ஞாபகம் இருந்தால் எழுது.

உன் தம்பி

•

மார்ச் 21

என் அன்புத் தம்பிக்கு,

கிடைத்துவிட்டது!

நர்ஸம்மா தன் கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். நான் டார்ச் பிடித்தேன். பத்து நிமிஷம் எங்கள் இரண்டு முகங்கள்தான் கண்ணாடியில் மாறி மாறித் தெரிந்தன. "எஞ்சினுக்குள்ள யாரோ கிழவி இருக்கா டீச்சர்" என்றார். பிறகு தெரிந்தது. கிளிப்பிலிருந்து சரியாக இரண்டு விரல் தள்ளி, அடிப்பக்கம், கட்டைவிரல் நீளத்துக்கு. அழுத்தினேன், நீ எழுதிய மாதிரியே வாய் திறந்தது. கையெல்லாம் கறுப்பு எண்ணெய். கழுவவே மனம் வரவில்லை. எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே இடத்தை விரல் கணக்கில் சொல்கிறாயே! "என் தம்பியை எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க" என்று நர்ஸம்மாவிடம் பெருமையடித்தேன். "எங்க டாக்டருங்களே ஸ்கேன் இல்லாம இப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றார்.

அன்று மத்தியானம் படுத்தவள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். பத்து மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. எழுந்ததும், நான் இல்லை, நான் இல்லை என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் போனது போனதுதான். ஆனால் என் கையால் போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: யாரிடமும் காட்டவில்லை. நான்கூடச் சொன்னேன், தெருமுனைப் பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று. "வேண்டாம். இன்னொருத்தன் கை வெச்சான்னு தெரிஞ்சா அவன் மனசு உடைஞ்சிடும். அடுத்த மாசம் வருவான்ல, நானே மெதுவா பேசிக்கிறேன்" என்றார். எதை மெதுவாகப் பேச நினைத்தாரோ, தெரியவில்லை. நீ வருவதற்குள்தான் அவர் போய்விட்டாரே.

ஒரே ஒரு சின்ன உறுத்தல். நர்ஸம்மா அந்தக் கிழிசலைப் பார்த்ததும், "இது பழைய புண்ணு. ஓரமெல்லாம் கறுத்து, தடிச்சுப் போயிருக்கு" என்றார். புண்ணைப் பற்றி அவருக்குத் தெரியும், ரப்பரைப் பற்றித் தெரியாதே. நீ மார்ச்சில் வந்தபோது இது இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். மூன்று தெரு தள்ளிப் போகும் வண்டியின் சத்தத்தை வைத்து, அதில் எது தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவன் நீ. நீ போன பிறகுதான் கிழிந்திருக்க வேண்டும், இல்லையா? பிறகுதான் என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. அதற்குமேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா

•

ஏப்ரல் 2

அக்கா,

அந்த ஒரு வரியை நான் எழுதினால் நீ நம்பிவிடுவாய். அது எனக்குத் தெரியும். பத்து நாளாக அதைத்தான் எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காது கேட்பதில்லை அக்கா. மூன்று வருடமாக. முதலில் மெல்லிசான சத்தங்கள் போயின. சாவிக்கொத்து விழுந்தால் தெரியாது. பிரஷர் குக்கர் விசில் தெரியாது. லாரி ஹாரன் கேட்கும், உய்யென்று வருவது எதுவும் கேட்காது. இப்போது பேச்சும் போய்விட்டது. போனில் நீ பேசுவது எனக்கு வெறும் முணுமுணுப்பு. குரல் ஏறி இறங்கி நின்றதும் "ஆமாக்கா" என்பேன். நீ அப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய் என்பதே உன் கடிதத்தில்தான் தெரிந்தது. கிடங்கு இரைச்சல் என்று எழுதியது பொய். கிடங்கில் ஈ காக்கைகூட இருக்காது.

காது போன மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? அதனால் மறைத்தேன். எஞ்சின்மேல் கையை வைத்தால் அதிர்வு தெரியும், ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் எலும்பில் கொஞ்சம் தெரியும். கஸ்டமர் முகத்தைப் பார்த்து மீதியை ஊகித்துக்கொள்வேன். இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

அன்று அத்தானோடு போனபோது எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சத்தம் இல்லாததால் கேட்கவில்லையா, இருந்தும் கேட்கவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஒவ்வொரு மேட்டிலும், "இப்ப? இப்ப கேக்குதா?" என்று என் முகத்தைப் பார்க்கிறார். "எனக்குத் தெரியல அத்தான், வேற யார்கிட்டயாவது காட்டுங்க" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கிண்டல்.

அவர் தன் காதைச் சோதித்துக்கொண்டார் என்று நீ சிரிப்புக்காக எழுதியிருந்தாய். எனக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. தன் காது நன்றாக இருக்கிறது என்றதும் யாருடைய காதில் கோளாறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகப் பேசிக்கொள்கிறேன் என்றாரே, அது வண்டியைப் பற்றி இல்லை. என் மனசு உடையக்கூடாது என்று கிழிந்த ஹோஸோடு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதையெல்லாம்விடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. அவரைத் தகனம் செய்துவிட்டு வந்த சாயங்காலம், உன் மகள் ஏதோ சொன்னாள், நீ சுவரோடு சரிந்து உட்கார்ந்தாய். அவள் உதட்டை வைத்து, வண்டியைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிந்தது. கீழே போய் பானெட்டைத் திறந்து கையை விட்டேன். காதுதான் போயிற்று, விரல் போகவில்லை. உடனே தட்டுப்பட்டது. நான் பார்க்காமலே சொன்னதாக நர்ஸம்மாவிடம் பெருமைப்பட்டாயே. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன் அக்கா. பத்து மாதத்துக்கு முன்பே பார்த்தது.

பானெட்டை மூடிவிட்டு மாடிக்கு வந்தேன். "நான்தான் கொன்னுட்டேன், நான்தான்" என்று நீ தலையில் அடித்துக்கொண்டிருந்தாய். அது எனக்கு நன்றாகக் கேட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஒர்க்‌ஷாப்பை மூடினேன், இங்கே வந்துவிட்டேன். வண்டியை விற்கச் சொன்னதும், அது உன் வாசலை விட்டுப் போனால் இதுவும் போய்விடும் என்றுதான்.

மே 9 அன்று நான் வரலாமா? வா என்றால் வருகிறேன். திட்டினாலும் சரி, நீ கையால் எழுதித் திட்டு. எனக்குக் கேட்கும்.

தம்பி

•

ஏப்ரல் 24

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத ஐந்து முறை உட்கார்ந்தேன். இது ஆறாவது.

ஹோஸை மாற்றியாகிவிட்டது. நேற்று மேட்டுச் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஏறியது. மருத்துவமனை வாசலுக்குப் போய்ச் சேர ஒன்பது நிமிஷம். வாசலில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்றார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நர்ஸம்மாவிடம், அந்தப் பதினாறு நிமிஷம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம் டீச்சர். இதை யார் உறுதியாச் சொன்னாலும் நம்பாதீங்க" என்றார். அதனால் அதை உன்மேல் போட மாட்டேன்.

காது கேட்காமல் போனதில் உன் குற்றம் எதுவும் இல்லை. அன்று நீ கிண்டல் செய்ததையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வகுப்பில் கண் சரியாகத் தெரியாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கரும்பலகை தெரியவில்லை என்று ஒருவனும் சொல்ல மாட்டான். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுவான், இல்லையென்றால் கோமாளித்தனம் செய்து சிரிக்கவைப்பான். அந்தப் பிள்ளைகளை நான் அடித்ததில்லை. உன் அத்தானுக்கும் உன்மேல் வருத்தம் இருந்திருக்காது. இருந்திருந்தால் வேறு பட்டறைக்குப் போயிருப்பார்.

ஆனால் அந்தப் பத்து மாதம், தம்பி.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. கடைக்குப் போனால், இவள்தான் என்று யாரோ சொல்வது போல இருக்கும், பாதியில் திரும்பிவிடுவேன். மகளிடம் ஒருநாள், "உங்கப்பாவை நான்தான் கொன்னேன்" என்று சொன்னேன். அவள் இல்லை என்று சொல்ல ஒரு நொடி தாமதித்தாள். அந்த ஒரு நொடியோடுதான் நானும் அவளும் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம். நீ கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவிருக்கிறது. அன்று அந்த வீட்டில் என்னைத் தேற்றியது அந்தக் கை ஒன்றுதான். அதில் கொஞ்சம் எண்ணெய்க் கறை இருந்தது. மெக்கானிக் கை, எப்போதும் இருப்பதுதானே என்று நினைத்தேன்.

மகளிடம் போனில் சொல்லிவிட்டேன், ஹோஸ் கிழிந்திருந்தது என்று. "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று அழுதாள். யார் பார்த்தார்கள், யார் சொல்லவில்லை என்பதையெல்லாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. இப்போதைக்கு என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

மே 9 அன்று வராதே.

நீ அந்த ஒரு வரியை எழுதி என்னை ஏமாற்றாமல் இருந்தாய். அதற்காக ஒருநாள் உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்கிறேன். இன்று முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதுவது எனக்குச் சுலபம், அழகான கையெழுத்தில் எழுதிவிடலாம். ஐந்து முறை கிழித்ததும் அதைத்தான்.

ஒரு நல்ல காது டாக்டரைப் பார். மிஷின் வைத்துக்கொள்ள வெட்கப்படாதே. சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக் கட.

இத்தனை நாள் என்மேலேயே கோபமாக இருந்தேன், அது பழகிவிட்டது. உன்மேல் கோபப்பட எனக்குத் தெரியவில்லை. அம்மா போனபோது உனக்கு ஒன்றரை வயது. இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவளுக்கு அது வராத பாடம். இப்போது, இந்த வயதில், அதை முதலிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். முழுதாகக் கற்ற பிறகு அதை மறக்கவும் வேண்டும். எவ்வளவு நாளாகும் என்று தெரியவில்லை. முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

அதுவரை எழுதாதே.

அக்கா